மஞ்சள் வாத்து

2025இல் கல்லங்குறிச்சித் தேருக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். அரியலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்க வருகிற கூட்டம் ஒரு பங்கு என்றால் கடை பார்க்க வருகிற கூட்டம் மூன்று பங்கு. வளையல் கடை, பேரீச்சம்பழக் கடை, ராட்டினம், அப்புறம் தரையில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைத்திருக்கும் பொம்மைகள். எதை எடுத்தாலும் அம்பது. பாப்பாவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. ஒரு மஞ்சள் வாத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காசைக் கொடுத்து முடிப்பதற்குள் வாத்தின் தலை அவள் வாய்க்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். புது ரெயின்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த வாடை. "இது எங்கங்க செஞ்சது?" என்றாள். கவிழ்த்துப் பார்த்தேன். ஊர் இல்லை, கம்பெனி பேர் இல்லை, ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. "சைனாவாத்தான் இருக்கும்" என்றேன்.

எந்த ஆதாரமும் இல்லாமல் அந்த வார்த்தை என் வாயில் எப்படி அவ்வளவு தயாராக இருந்தது? வாத்து அன்றைக்கே பரணுக்குப் போய்விட்டது. கேள்வி போகவில்லை.

பயம் பொய்யில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலிவான பெயின்டில் நிறம் பளிச்சென்று நிற்பதற்குக் காரீயம் கலப்பார்கள். அது இலேசாக இனிக்கும். குழந்தை வாய் வைத்ததும் துப்பாமல் சப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மூளை வளர்கிற வயதில் காரீயம் இவ்வளவு வரைக்கும் போகலாம் என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கெட்டியான பிவிசி பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் தாலேட் வேறு. 2019இல் இந்தியத் தர கவுன்சில் டெல்லி வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் உரிமமும் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லாமல் இந்தியாவில் பொம்மை விற்கக் கூடாது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2020 பட்ஜெட்டில் பொம்மைக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. வரி உயர்ந்தால் இங்கே பொம்மை செய்கிறவர்களுக்கு நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் வரிக்குக் காரீயத்தை அளக்கத் தெரியாது. குழந்தையைக் காப்பாற்றுவதும் உள்ளூர்த் தொழிற்சாலையைக் காப்பாற்றுவதும் ஒரே காரியம்போல நம் காதில் விழ ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். டிவியில் சொன்னார்கள், வாட்ஸப்பில் வந்தது, நாமும் சொன்னோம். "சைனா" என்பது ஒரு நாட்டின் பெயராக இருந்தது போய், ஒரு வாடையின் பெயராகிவிட்டது.

2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி, தன் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகள் சுமார் 15 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. பெயின்டில் காரீயம். செய்தது சீனாவில் ஃபோஷான் நகரத்தில் இருந்த லீ டெர் என்ற தொழிற்சாலை. அந்தப் பெயின்டைக் கொடுத்தது அந்த முதலாளியின் நண்பர் ஒருவருடைய கம்பெனி என்று அப்போது செய்தி வந்தது. சீன அரசு ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. சில நாட்களில் முதலாளி தன் தொழிற்சாலைக்குள்ளேயே தூக்குப்போட்டுக்கொண்டார். உலகம் முழுக்கப் பெற்றோர்கள் பொம்மைகளைக் கவிழ்த்துப் பார்த்து "மேட் இன் சைனா" தேடியது அந்த மாதத்தில்தான்.

அடுத்த மாதம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மேட்டலின் உயர் அதிகாரி பெய்ஜிங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பப் பெற்றவற்றில் பெரும்பகுதி பெயின்டுக்காக இல்லை. சின்னச் சின்னக் காந்தங்கள் கழன்று விழுந்ததற்காக. இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையில் அவை ஒட்டிக்கொண்டு குடலையே ஓட்டை போட்டுவிடும். அந்தத் தவறு வரைபடத்தில் இருந்தது. வரைந்தவர்கள் மேட்டல்காரர்கள். சீனத் தொழிலாளி வரைந்து கொடுத்ததைச் செய்தார், அவ்வளவுதான்.

நாம் பயப்படும்போது நம் மனசு தேடுவது காரணத்தை இல்லை, விலாசத்தை. விலாசம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு நிம்மதி. எங்கள் வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ராத்திரி பகலாகப் போகின்றன. கொடியில் காயப்போட்ட பாப்பாவின் சட்டையை உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். அந்தத் தூசிக்கு நான் ஒருநாளும் பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்ததுபோல எதையும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. சிமென்ட் எங்கள் ஊர்ச் சோறு. சித்தப்பா ஆலையில் வேலை பார்த்தவர். சோறு போடுகிறதைச் சந்தேகிக்க மனசு வருமா?

2025 அக்டோபரில் அந்த நிம்மதியும் போனது. மத்தியப் பிரதேசம் சிந்துவாரா மாவட்டத்தில் சளி இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயசுக்கு உட்பட்டவர்கள், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20க்கும் மேல். மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. தயாரித்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரம். மூன்று வருஷம் முன்னால், 2022இல், காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இதேபோல் இறந்தபோது உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததும் ஹரியானாவில் தயாரான சிரப்புகளைப் பற்றித்தான். காம்பியாவின் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தகப்பன் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பான். "இந்தியாவாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

"அப்படியென்றால் சந்தேகப்படுவதே தப்பா? குழந்தைக்கு முன்னால் நியாயம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்கலாம். என் மனைவி அப்படித்தான் கேட்டாள். அவள் சொல்வதில் பாதி சரி. ஒரு பொம்மையைத் தூக்கிப் போட ஆதாரம் வேண்டியதில்லை. வாடையே போதும். தாய் என்பவள் நீதிபதி இல்லை. ஆனால் பொருளைத் தள்ளிவைப்பது வேறு, அதைச் செய்த கைகளுக்கு ஒரு குணத்தைக் கற்பிப்பது வேறு. முதலாவதற்கு எதிரி தேவையே இல்லை. இரண்டாவதைச் செய்ததும் நமக்கு வேலை முடிந்துபோகிறது, அதுதான் சிக்கல். சோதிக்க வேண்டியவர்கள் சோதித்தார்களா, அம்பது ரூபாய்ப் பொம்மையைத் தவிர வேறெதையும் வாங்க முடியாத வீட்டுக் குழந்தை என்ன செய்யும் என்றெல்லாம் கேட்கத் தோன்றாது.

அந்தக் கைகள் யாருடையவை? 1993 மே 10ஆம் தேதி பாங்காக் பக்கத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. 188 பேர் செத்தார்கள், அநேகமாக எல்லாரும் இளம்பெண்கள். கதவுகள் பூட்டியிருந்தன. அதே வருஷம் நவம்பரில் சீனாவின் ஷென்ஜென்னில் இன்னொரு பொம்மைத் தொழிற்சாலை, 87 பேர். அப்போது எனக்கு ஆறு வயது. நான் விளையாடியது நுங்கு வண்டியும், ஓடைக்கரையில் பொறுக்கிய நத்தைக்கல்லும். (எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் கடல் நத்தைகள் கல்லாகிக் கிடக்கும். உலகத்திலேயே பழைய பொம்மை எங்களுடையது என்று பீற்றிக்கொள்வோம்.) பளபளப்பான பொம்மை என்றால் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவருவதுதான். அது எங்கே செய்தது என்று யாரும் கேட்டதில்லை. "பாரின் பொம்மை" என்றால் அப்போது உயர்த்தி. அதே வார்த்தை இன்றைக்குத் தாழ்த்தி.

இப்போது நாங்களே பாரின் ஆகிவிட்டோம். 2022இல் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் திறந்தார்கள். தோல் அல்லாத காலணிகள் அங்கே தயாராகி வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் போகின்றன. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான்காரர்களின் டீன் ஷூஸ் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி ரூபாய், 15,000 பேருக்கு வேலை என்று சொன்னார்கள். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்பிள்ளைகளை இன்றைக்கு எங்கள் பக்கத்துக் கிராமத்து ரோடுகளில் பார்க்கலாம். மக்காச்சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலிக்குப் போனவர்களின் மகள்கள்.

என் மனைவியின் சித்தப்பா மகள் ஒரு காலணிக் கம்பெனியில் வேலை செய்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது பாப்பாவின் செருப்பை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பழக்கம். "சின்ன சைஸ் வந்தா ரெண்டு தடவை தடவிப் பாப்பேன் மாமா. புள்ளைங்க காலு, உறுத்துச்சுன்னா அதுங்களுக்குச் சொல்லத் தெரியாதுல்ல?" அந்தக் குழந்தைகள் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஊரில் ஓர் அம்மா, செருப்பைக் கவிழ்த்து "மேட் இன் இந்தியா" பார்த்து உதட்டைப் பிதுக்குவாளா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

வாத்துக்கு வருகிறேன். சிரப் செய்தி வந்த அன்று ராத்திரி என் மனைவி மருந்து டப்பாவைத் தரையில் கொட்டி ஒவ்வொரு பாட்டிலாகப் படித்தாள். சந்தேகமானதையெல்லாம் ஒரு கவரில் போட்டாள். அந்த வேகத்தில் பரண்மேல் கிடந்த வாத்தும் கவருக்குள் போனது. காலையில் நான்தான் குப்பை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். கை கழுவிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து வண்டி வந்தது. குப்பை எடுக்கிற அக்கா அன்றைக்குத் தன் பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தையின் கையில் எங்கள் வாத்து. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். தலை அவள் வாய்க்குள் இருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பிடுங்குவதா? தூக்கிப்போட்டதைத் திருப்பிக் கேட்பதா? என் குழந்தைக்கு ஆகாதென்று நான் அனுப்பியது எங்கே போகும் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை. தனக்கு வேண்டாததை எங்கோ தள்ளிவிட்டு ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற பணக்கார நாடுகளைப் பற்றி எத்தனை போஸ்ட் போட்டிருப்பேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து ஒரு வண்டிப் பொம்மை வாங்கினேன், 450 ரூபாய். மறுநாள் கொடுத்தபோது அக்காவுக்குச் சந்தோஷம், கொஞ்சம் குழப்பமும். "வாத்தைக் குடுத்துடுங்கக்கா, அதை வாயில வைக்கக் கூடாது" என்றேன்.

"ஏன் தம்பி? நல்லாத்தானே இருக்கு. அதுல என்ன கெடுதல்?"

இதுவரை எழுதிய அத்தனையும் எனக்கு அப்போதே தெரியும். ஃபோஷான் தெரியும், சுங்குவார்சத்திரம் தெரியும். பின்னால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"சைனா பொம்மைக்கா அது" என்றேன்.