இரும்புக் கையும் மறைந்த முகமும்

சித்திரக் கதையொன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அத்தகைய கதைகள் சிறுவர்க்கே உரியன என்பதும், கற்றோரின் சிந்தனைக்கு அவற்றில் இடமில்லை என்பதும் எம்மிடையே வேரூன்றிய கருத்துக்களாகும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கடந்த விடுமுறையில் ஒலுவிலில் எமது வீட்டிற்கு வந்த மாமா, தாம் இளமையிற் சேர்த்துவைத்த புத்தகங்களுள் ஒன்றை என்னிடம் தந்து, "வாசிச்சுப் பாருங்க மகன். இதில ஆள் மறைஞ்சிருவான், கை மட்டும்தான் தெரியும்" என்றார். இருபது வயதைக் கடந்த பின்னர் நான் வாசித்த முதற் சித்திரக் கதை அதுவே. ஒரு மணி நேரத்திற்குள் கதை முடிந்தது; அது எழுப்பிய வினா முடியவில்லை.

'இரும்புக்கை மாயாவி' என்று தமிழ் வாசகர் அறிந்த அப்பாத்திரம், 1962 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழிலே பிறந்தது. ஸ்பானிய ஓவியரான ஹெசூஸ் பிளாஸ்கோ அதற்குச் சித்திரம் தீட்டினார். சிவகாசியிலிருந்து 1972 இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழை அலங்கரித்தவனும் இம்மாயாவியே. லூயி கிராண்டேல் என்பான் ஓர் ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பட்டவன். பின்னொரு நாள் பெரும் மின்சாரம் பாய்ந்து அவன் உடல் கண்ணுக்குப் புலனாகாது போகின்றது. இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் அசைகின்றது. வியத்தகு ஆற்றல் பெற்றவன் உடனே நல்லோரைக் காக்கப் புறப்படுவான் என்றே நான் எதிர்பார்த்தேன். அவனோ களவுக்குப் புறப்படுகின்றான். நன்மையின் பக்கம் அவன் திரும்புவது பின்னரேயாகும்.

ஆற்றல் கிடைத்தவுடன் மனிதன் ஏன் தீமையை நாடுகின்றான்? இது பழைமையான வினா. பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பகுதியிலே கிளோக்கன் என்பான் ஒரு கதை கூறுகின்றான். லிடியா நாட்டு இடையன் ஒருவன், அணிந்தவரை மறைக்கும் மோதிரத்தைக் கண்டெடுக்கின்றான். அதன் துணையால் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகின்றான். பிறர் காணார் என்ற உறுதி ஏற்படின் எவனும் நீதியைக் கைவிடுவான் என்பதே கிளோக்கன் முன்வைக்கும் வாதம். எச். ஜி. வெல்ஸ் 1897 இல் எழுதிய 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' என்ற நாவலின் நாயகனும் அவ்வழியே சென்று அழிகின்றான்.

கிராண்டேலின் கதையில் இன்னொன்றும் உண்டு. அவன் துன்புற்றவன். துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று நாம் அடிக்கடி கூறுகின்றோம். அது முழு உண்மையாயின், கையை இழந்தவன் பிறருடைய இழப்பை உணர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தான் பட்ட துன்பத்தை, தான் செய்யப்போகும் தீமைக்கான உரிமைச் சீட்டாக மனிதன் மாற்றிக்கொள்ளவும் கூடும்.

இதனை வாசித்தபோது எனக்கு மாயாவியின் நினைவு அகன்று என் நினைவே வந்தது. எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களை நெடுங்காலமாகப் பீடித்துள்ள பகிடிவதையை இம்மலரின் வாசகர் அறிவர். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமென விதித்துள்ளது. ஆயினும் அது ஒழிந்துவிட்டது என்று கூற முடியாது. புதுமுக மாணவனாக இருந்தபோது நான் தலை குனிந்து நின்றவன். இரவிலே உம்மாவை நினைத்து அழுதவன். மறு ஆண்டு நான் சிரேஷ்ட மாணவனானேன். ஒரு மாலைப் பொழுதில் எம்மவர் சிலர் ஒரு புதிய மாணவனை நிறுத்தி, அவனது பேச்சு வழக்கைப் பழித்து, அவனுக்கொரு பட்டப்பெயர் சூட்டினர். நான் அவனைத் தொடவில்லை. ஆனால் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். நேற்று எனக்கு நிகழ்ந்தது இன்று அவனுக்கு நிகழ்கின்றது என்ற எண்ணம் அப்போது ஒருவகை நியாயமாகவே தோன்றியது.

கூட்டமும் ஒரு மாய மோதிரமே. அதனுள் நிற்பவனின் முகம் மறைகின்றது, பெயர் மறைகின்றது, 'நாங்கள்' என்ற சொல் மாத்திரம் எஞ்சுகின்றது. ஆனால் துன்புறுபவனுக்கு இரும்புக் கை நன்றாகவே தெரிகின்றது. செய்தவன் மறையலாம், செயல் மறைவதில்லை. ஓவியர் ஒரு விந்தைக்காகவே கையை மட்டும் வரைந்திருக்கலாம். எனக்கோ அது ஓர் ஒழுக்க உண்மையின் சித்திரமாகப் பட்டது.

பகிடிவதை ஒற்றுமையை வளர்க்கும், ஏற்றத்தாழ்வை நீக்கும் என்பாரும் உளர். அச்சத்தால் ஒன்றுகூடியவரிடம் காணப்படுவது ஒற்றுமையன்று; பிறர் மீது அச்சத்தை ஏவும் முறை தமக்கும் வரும் என்ற காத்திருப்பே அது.

அவ்வாறாயின் மனிதன் மாறுவது எப்போது? அதே 1962 இல் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த 'ஸ்பைடர்மேன்' கதை இதற்கு விடை தருகின்றது. சக மாணவரின் ஏளனத்திற்கு ஆளான பீட்டர் பார்க்கர், ஆற்றல் பெற்றதும் பணமும் புகழும் தேடுகின்றான். தப்பியோடும் திருடனைத் தடுக்கக்கூடிய நிலையிலும் வாளாவிருக்கின்றான். அத்திருடனே பின்னர் தன் பெரியப்பாவைக் கொன்றான் என அறிந்தபோதுதான் அவன் மாறுகின்றான். தான் ஏளனம் செய்யப்பட்ட நினைவு அவனைத் திருத்தவில்லை. பிறர் துன்பத்தில் தனக்கும் பங்குண்டு என்ற அறிவே திருத்தியது. ஆற்றல் ஒரு விபத்தால் பிறக்கலாம். அறம் இவ்வறிவால் மாத்திரமே பிறக்கின்றது.

சட்டம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. சட்டம் புறத்தே நிற்கும் கண். அது காணாத இடங்கள் பல. இறைவன் தன்னைக் காண்கின்றான் என்ற உணர்வோடு வணங்குவதை இஸ்லாம் 'இஹ்ஸான்' என்கின்றது. வள்ளுவரும் மறைந்தொழுகுவாரைக் 'கூடாவொழுக்கம்' என்ற தனி அதிகாரத்திலே கண்டித்தார். சமயம் எதுவாயினும், காண்பாரற்ற இடத்தில் ஒருவன் எவ்வாறு நடக்கின்றான் என்பதே அவனது ஒழுக்கத்தின் உரைகல் என்பதில் பெரியோர் உடன்படுகின்றனர்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அம்மாணவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை, நானா" என்று கூறி அவன் நடந்துவிட்டான். மன்னித்தானோ, என்னை அஞ்சித்தான் அவ்வாறு கூறினானோ, நான் அறியேன். அவ்வையமே எனக்குரிய தண்டனை எனக் கருதுகின்றேன். ஆண்டுதோறும் புதிய மாணவர் வருகின்றனர். ஆண்டுதோறும் நேற்றைய புதியவர் கையில் சிறிதளவு ஆற்றல் வந்து சேர்கின்றது. அக்கணத்தில் மாயாவி முதலிற் சென்ற வழியில் நாமும் செல்ல வேண்டிய அவசியமில்லை.