ஆட்டுக்குட்டிக்காகக் கொதித்த அரசன்



இன்று பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு. முதல் வாசகம் நடுவிலிருந்து தொடங்கியதைக் கவனித்திருப்பீர்கள். இறைவாக்கினர் நாத்தான் தாவீதின் முகத்துக்கு நேராக அவருடைய குற்றத்தைச் சொல்லும் இடத்தில்தான் வாசகம் தொடங்கியது. அதற்கு முன் அவர் அரசருக்கு ஒரு கதை சொன்னார். அந்தக் கதை இன்று வாசிக்கப்படவில்லை. முதலில் அதை நினைவுபடுத்திக்கொள்வோம்.

ஒரு ஊரில் ஒரு பணக்காரன், ஒரு ஏழை. பணக்காரனுக்கு ஆடு மாடு ஏராளம். ஏழையிடம் இருந்ததோ ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. காசு கொடுத்து வாங்கி, தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தான். அவன் தட்டில் சாப்பிட்டது, அவன் கிண்ணத்தில் குடித்தது, அவன் மடியில் தூங்கியது. ஒருநாள் பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தான். சொந்த மந்தையில் கைவைக்க மனம் வராத பணக்காரன் அந்த ஏழையின் குட்டியைப் பிடித்து அடித்துச் சமைத்தான். இதைக் கேட்ட தாவீது கொதித்துப் போனார். அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன், நான்கு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இந்தக் கோபம் உண்மையான கோபம். தாவீது நடிக்கவில்லை. ஆனால் ஒரு அதிகாரம் முன்னால் திருப்பிப் பாருங்கள். உரியா என்ற தன் படைவீரனின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது, அவன் சாகும்படி போர்முனையில் நிறுத்தச் சொல்லியிருந்தார். போர்முனையிலிருந்து தளபதி யோவாபின் தூதன் வருகிறான். இன்னின்னார் மடிந்தார்கள், உரியாவும் இறந்துவிட்டான் என்று செய்தி சொல்கிறான். தாவீது கலங்கவில்லை. போர் என்றால் வாள் இன்று ஒருவனைத் தின்னும், நாளை இன்னொருவனைத் தின்னும், இதற்காக வருத்தப்பட வேண்டாம் என்று தளபதிக்குச் சொல்லி அனுப்புகிறார். மனிதன் செத்தபோது அசையாத நெஞ்சு, ஒரு ஆட்டுக்குட்டியின் கதைக்குக் கொதிக்கிறது. இந்த இடத்தில் நான் பல ஆண்டுகளாக நின்று நின்று யோசித்திருக்கிறேன். செய்தியாக வந்தபோது உரியா ஒரு கணக்கு. மடியில் தூங்கிய குட்டியோ ஓர் உயிர்.

இதே போல ஒரு முழு நாடே கதை கேட்டுக் கலங்கிய வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1979 ஜனவரி 22, திங்கட்கிழமை இரவு. அன்றைய மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியில் 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கக் குறுந்தொடர் தொடங்கியது. 22, 23, 25, 26 என்று நான்கு இரவுகள் ஓடியது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் சுமார் 12 கோடிப் பேர் பார்த்திருந்த தொடர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை இரண்டு பெர்லின் குடும்பங்களின் வழியாகச் சொன்னது. ஒன்று, யூத மருத்துவர் யோசப் வைஸின் குடும்பம். இன்னொன்று, வேலையில்லாமல் தவித்த எரிக் டோர்ஃப் என்ற வழக்கறிஞரின் குடும்பம். டோர்ஃபின் மனைவி அந்த யூத மருத்துவரிடம்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மனைவி தூண்டித்தான் டோர்ஃப் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்கிறான். வேலை கிடைக்கிறது, சீருடை கிடைக்கிறது, பதவி உயர்கிறது. கொலைக்கான திட்டங்களைக் காகிதத்தில் எழுதித் தருகிறவனாகிறான். மருத்துவரின் குடும்பமோ ஒவ்வொருவராக அழிகிறது. மகள் அன்னா ஹாடமார் என்ற ஊரில் கொல்லப்படுகிறாள். ஓவியனான மூத்த மகன் கார்ல் முகாம் முகாமாக அலைக்கழிக்கப்பட்டு ஆஷ்விட்ஸில் சாகிறான். தாய் தந்தையருக்கும் அங்கேதான் முடிவு.

இந்தத் தொடரைக் காட்டலாமா கூடாதா என்று ஜெர்மன் நிலையங்களுக்குள் பெரிய சச்சரவு நடந்தது. கடைசியில், தேசிய அலைவரிசையில் வேண்டாம், மாநில அளவிலான மூன்றாம் அலைவரிசைகளில் காட்டுவோம் என்று ஒரு வழி கண்டார்கள். தொடருக்குச் சில நாள் முன்பு, இதே பொருளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று ஒளிபரப்பான இரவில், ஒளிபரப்புக் கோபுரங்களில் வெடிகுண்டு வைத்தார்கள். நாஜிக் கொள்கையை இன்னும் விடாதவர்களின் வேலை அது. அப்படியும் சுமார் 2 கோடிப் பேர், அதாவது அந்த நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், தொடரில் ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். இரவுக்கு இரவு கூட்டம் கூடிக்கொண்டே போனது.

ஒவ்வொரு பகுதியும் முடிந்த பிறகு கொலோன் நகரத்து நிலையத்தில் வரலாற்று அறிஞர்கள் உட்கார்ந்து, தொலைபேசியில் வந்த மக்களின் கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். அழைப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பேச முடியாமல் அழுதவர்கள் உண்டு. போர்க்களத்தில் தாங்கள் கண்ணால் கண்டதை அத்தனை ஆண்டுகள் கழித்து வாய்விட்டுச் சொன்ன பழைய படைவீரர்கள் உண்டு. எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றவர்கள் உண்டு. எங்கள் ஊர்கள் மேல் விழுந்த குண்டுகளைப் பற்றி ஏன் படம் எடுக்கவில்லை என்று சீறியவர்களும், பழசைக் கிளறாதீர்கள் என்று கத்தியவர்களும் உண்டு. வீடுகளுக்குள்ளே வேறொன்று நடந்தது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

அதுவரை அந்த நாட்டுக்கு இது தெரியாதா? தெரியும். 1945, 46இல் நாஜித் தலைவர்கள் மீது நியூரம்பர்க் விசாரணை நடந்தது. புக்கன்வால்ட் முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த கத்தோலிக்க எழுத்தாளர் ஆய்கன் கோகோன், முகாம்களின் அமைப்பை விரிவாக விளக்கி 1946இலேயே புத்தகம் எழுதினார். 1963 முதல் 65 வரை பிராங்க்பர்ட்டில் ஆஷ்விட்ஸ் காவலர்கள் மீது வழக்கு நடந்து, சாட்சிகள் வரிசையாக வந்து பேசினார்கள். கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற எண் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதெல்லாம் யோவாபின் தூதன் கொண்டுவந்த செய்தி. பியானோ வாசித்த ஒரு தாயும், படம் வரைந்த ஒரு மகனும், அவனை மணந்து, யூதப் பெண் அல்லாதபோதும் அவனைத் தேடித் தானே முகாமுக்குப் போன இங்கா என்ற மனைவியும் கதைக்குள் வந்த பிறகுதான் வீடு வீடாக நெஞ்சு உடைந்தது.

இந்தத் தொடரை எல்லாரும் மெச்சவில்லை. ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பிய எழுத்தாளர் எலி வீசல், இது செத்தவர்களையும் பிழைத்தவர்களையும் அவமதிக்கிறது என்று அமெரிக்க ஒளிபரப்பின்போதே கடுமையாக எழுதினார். சொல்லுக்கு அடங்காத ஒன்றை விளம்பரங்களுக்கு இடையே ஓடும் குடும்பக் கதையாக ஆக்கிவிட்டார்கள் என்பது அன்று எழுந்த பெரிய குறை. அவருடைய வேதனையை ஒதுக்கிவிட எனக்குத் துணிவில்லை. தன் தந்தையை முகாமில் பறிகொடுத்த மனிதர் அவர். இருந்தாலும், நாத்தானை நினைக்கும்போது, கடவுளே ஓர் ஆட்டுக்குட்டிக் கதையைக் கருவியாக எடுத்தாரே என்று தோன்றுகிறது. உரியாவின் இரத்தத்தோடு ஒப்பிட்டால் ஆட்டுக்குட்டி எம்மாத்திரம்? ஆனாலும் அந்தச் சிறிய கதைதான் தாவீதின் பூட்டிய கதவைத் திறந்தது.

கதவு திறந்தது, சரி. இனிமேல் சொல்லப்போவதுதான் என் மனத்தை அரிப்பது.

கதை கேட்கும்போது நாம் எங்கே போய் நிற்கிறோம்? தாவீது அந்தக் கதையில் தனக்கு ஓர் இடம் பார்த்துக்கொண்டார். அவர் பணக்காரனாகவும் நிற்கவில்லை, ஏழையாகவும் நிற்கவில்லை. நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து கோபப்படுவது எளிது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்த ஜெர்மன் குடும்பங்களும் வைஸ் குடும்பத்துக்காக அழுதன. அழுதது நல்லதே. ஆனால் அந்த வரவேற்பறைகளில் உட்கார்ந்திருந்த பலர் வைஸ் வீட்டார் அல்லர். டோர்ஃபின் வீட்டாராகவோ பக்கத்து வீட்டாராகவோ இருந்தவர்கள். மருத்துவர் வீட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்தபோது சன்னலைச் சாத்திக்கொண்டவர்கள். அவர்களில் பெரும்பான்மையினர் நம்மைப் போலத் திருமுழுக்குப் பெற்றவர்கள், ஞாயிறுதோறும் மணி ஒலி கேட்டவர்கள். இதை ஒரு குருவானவராக நான் மறைக்க முடியாது.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. தொடரில் மாமியார் மருமகளைப் படுத்தும்போது நம் கண் கலங்குகிறது. அந்த நேரத்தில் அடுப்படியில் தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து மண்டியிடும்போதுகூட, அண்ணன் செய்த அநியாயத்தையும் பங்காளி பிடுங்கிய நிலத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு, தன் பாவத்தை இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவன் நான் என்றுதான் ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பணக்காரன் இடத்தில் என்னை நிறுத்திப் பார்க்க எனக்கும் ஒரு நாத்தான் வேண்டியிருக்கிறது.

இன்றைய நற்செய்தியிலும் ஒரு கதை உண்டு. பரிசேயர் சீமோன் வீட்டுப் பந்தியில் இயேசு இரண்டு கடன்காரர்களைப் பற்றிச் சொல்கிறார். ஒருவன் 500 தெனாரியம் கொடுக்க வேண்டியவன், இன்னொருவன் 50. இருவருக்கும் கடன் தள்ளுபடி. யார் மிகுதியாக அன்பு செலுத்துவார்? சீமோன் சரியாகவே விடை சொல்கிறார். ஆனால் எப்படிச் சொல்கிறார்? தாவீதைப் போலக் கொதித்துச் சொல்லவில்லை. இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன் என எட்டி நின்று சொல்கிறார். கதையிலும் அவருக்கு இடமில்லை, கண்ணீரும் இல்லை. கால்மாட்டில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறார். அவர் அழுதது யாருடைய கதைக்காகவும் அல்ல, தன் கடனுக்காக. அந்தக் கண்ணீர்தான் ஆண்டவரின் பாதத்தை நனைத்தது. இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டே சீமோனிடம் பேசுகிறார், இவரைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். வீட்டுக்குள்ளேயே நிற்கிறவரை வீட்டுக்காரர் பார்க்கவில்லை.

அந்த நான்கு இரவுகளின் கண்ணீர் எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பகுதி வற்றிப் போயிருக்கும், அது மனித இயல்பு. ஆனால் ஒன்று நடந்தது. அந்நாட்டுச் சட்டப்படி கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு 30 ஆண்டுகள். நாஜிக் கொலைகளுக்கு அது 1979 டிசம்பரோடு முடிய இருந்தது. புத்தாண்டு பிறந்தால், ஒளிந்திருந்த கொலைகாரர்கள் மேல் புதிதாக வழக்குப் போட முடியாது. அந்த ஜூலை 3ஆம் நாள் நாடாளுமன்றம் 255க்கு 222 என்ற வாக்கில் அந்தக் காலவரம்பையே நீக்கியது. இதற்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் அழுத மக்களின் பிரதிநிதிகள்தான் அந்தக் கோடையில் வாக்களித்தார்கள்.

தாவீதுக்கும் தான் பிறப்பித்த தீர்ப்பைத் திரும்பப் பெற வழியிருந்தது. அவர் அரசர். நாத்தானைச் சிறையில் தள்ளியிருக்கலாம், கதை வேறு, நான் வேறு என்று வாதாடியிருக்கலாம். அவர் நாற்காலியை விட்டு இறங்கினார். ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்தேன் என்று தன் வாயால் ஒப்புக்கொண்டார். மன்னிப்பும் உடனே கிடைத்தது.

சற்று முன் திருப்பலித் தொடக்கத்தில் நாம் எல்லாரும் மார்பில் தட்டிக்கொண்டு அறிக்கையிட்டோம். நினைத்ததையும் பேசியதையும் செய்ததையும் மட்டும் அல்ல, செய்யத் தவறியதையும் சேர்த்தே சொன்னோம். சன்னலைச் சாத்திக்கொண்டவர்களின் பாவம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. நாம் அதை மிக விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

சீமோன் அன்றிரவு என்ன செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. விருந்தாளிகள் போன பிறகு, அந்தப் பெண் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரித்தாரா, அல்லது கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டாரா, தெரியாது.

இப்போது சிறிது நேரம் அமைதியாக இருப்போம். நாம் பார்க்கத் தவறிய ஒருவரின் முகம், வீட்டிலோ தெருவிலோ இருப்பவர், மனத்தில் வரட்டும். வந்த பிறகு எழுந்து நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.