மலிவு

மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பொருளைக் காட்டும்போது நம் முகத்தில் வரும் சந்தோஷம் ஆராயத்தக்கது. பொருள் கையில் வந்ததைவிட, விலையிலிருந்து தப்பித்ததுதான் அதில் அதிகம். எழுதுகிறவர்களிடமும் வாசிக்கிறவர்களிடமும் இந்தக் குணம் கொஞ்சம் கூடுதல். புத்தகம், சங்கீதம் என்று வந்துவிட்டால் சபலத்துக்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொள்ள நமக்கு வசதி இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது; பள்ளிக்கூடமும் திறந்திருந்தது. மகளுக்குச் சீருடைத் துணி எடுக்க அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறினேன். திரும்பும்போது பையில் துணி இல்லை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள் நான்கு இருந்தன, ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' அவற்றில் ஒன்று. கூடவே, ஒரு ரெக்கார்டிங் கடையில் இசைத்தட்டிலிருந்து பதிந்து விற்ற அறுபது நிமிஷக் காஸெட்டுகள் மூன்று. இந்த விலைக்கு இனிக் கிடைக்காது என்ற ஒரே நியாயம்தான் என்னிடம் இருந்தது.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. "இம்புட்டையும் எப்பம் படிப்பிய?" என்று மட்டும் மனைவி கேட்டாள். மறுநாள் தன் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துத் துணி வாங்கினாள். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதாக அன்று நினைத்தேன். அந்தப் பதில், பாரதி.

எட்டயபுரம் அரண்மனையில் பாரதி வேலை பார்த்த காலத்துக் கதை ஒன்று சொல்வார்கள். சென்னை போனவர் வீட்டுக்கு வேண்டியதை வாங்காமல் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களோடு திரும்பினார் என்று. இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நாம் பாரதியின் பக்கமே நிற்கிறோம். செல்லம்மா கடையத்துக்காரர், தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் இருக்கும் ஊர். அந்த மாதம் அவர் குடும்பத்தை எதைக் கொண்டு நடத்தினார் என்பது நாம் சொல்லும் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பாரதி வாங்கியதைப் படித்தார், படித்ததிலிருந்து எழுதினார் என்பது வாஸ்தவம். நாம் பாரதி இல்லை என்பதும் வாஸ்தவம்.

மலிவு என்றால் விலை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விலையின் மிச்சத்தை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாஸ்கோப் புத்தகங்களின் காகிதத்துக்கும் தையலுக்கும் சோவியத் அரசு கொடுத்தது. அதற்கு அரசியல் காரணங்கள் இருந்தன. 1991ல் அந்த அரசே இல்லாமல் போனதும் புத்தக வரத்தும் நின்றது. காஸெட்டின் மிச்சத்தைப் பாடியவரும் வாசித்தவரும் தங்களுக்குத் தெரியாமலே கொடுத்தார்கள். 1984ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். அதன் பிறகும் பதிந்து கொடுப்பவர் கொடுத்தார். வாங்குகிற நாமும் வாங்கினோம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கும் புத்தகத்துக்கு, இப்போது உயிரோடில்லாத ஒரு வாசகன் முழு விலை கொடுத்திருக்கக்கூடும். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் விற்காத பிரதிகளும் அதே தராசில்தான் ஏறின.

இதனால் மலிவே கூடாது என்று ஆகிவிடாது. பாரதி படைப்புகளின் உரிமையை 1949ல் அரசு வாங்கியதால்தான் அவை பிற்பாடு எந்தக் கிராமத்துக்கும் சொற்ப விலையில் வந்து சேர்ந்தன. மாஸ்கோ செலவு செய்திராவிட்டால் என்னைப் போன்றவன் டால்ஸ்டாயைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. பிறர் கொடுத்த விலையில் கற்பது குற்றமில்லை. கலாசாரமே அப்படித்தான் கைமாறி வருகிறது. ஆனால் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மறந்து, மலிவை நம் சாமர்த்தியமாக எண்ணிக்கொள்வதில் ஒரு பொய் இருக்கிறது. பிரிக்காமல் அலமாரியில் அடுக்கும்போது அந்தப் பொய் பூர்த்தியாகிறது.

'புத்துயிர்ப்பை' நான் பிரித்தது பதினோரு வருஷம் கழித்து. தன் சுகத்துக்கு ஒருத்தி தன் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்திருக்கிறாள் என்பதை, அவளை விசாரிக்கும் ஜூரியில் ஒருவனாக உட்கார்ந்துகொண்டு கண்டுகொள்கிறவனின் கதை அது. ரஷ்யாவில் ஒடுக்கப்பட்டிருந்த டூகோபார்கள் கனடாவில் குடியேற உதவுவதற்காகவே டால்ஸ்டாய் 1899ல் அதை முடித்து வெளியிட்டார்; வருமானம் அவர்களுக்குப் போயிற்று. யாருடைய கப்பல் பயணத்துக்கோ விலை கொடுத்த புத்தகம் என் அலமாரியில் பதினோரு வருஷம் சும்மா இருந்தது.

படித்து முடித்ததும் மாஸ்கோவுக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். காஸெட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. அவற்றில் பாடியவர்களுக்குப் பட்டதை இனித் தீர்க்க வழியில்லை. புத்தகத்தின் தையல் இன்னும் விடவில்லை. அந்தச் சீட்டுப் பணத்தை அவள் எதற்காகச் சேர்த்து வைத்திருந்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.