துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கலாமா?

ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்கும் டாக்சிக்கும் கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். சோறு போடும் கருவியை வணங்குவதில் யாருக்கும் சங்கடமில்லை. துப்பாக்கிக்கும் வைக்கலாமா என்றால்தான் பேச்சு தடுமாறுகிறது. குடகில் அந்தத் தடுமாற்றம் இல்லை. நடவு வேலை முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போது பண்டிகையில் கொடவர்கள் துப்பாக்கிகளைப் பூஜையறையில் வைத்து, செங்காந்தள் பூச்சூட்டி வணங்குகிறார்கள். உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ள இந்திய அரசு அவர்களுக்குத் தந்துள்ள விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரிலோ நிலைமை நேர் எதிர். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் துப்பாக்கி செய்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தேக்கோங் தீவுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் பஸ் ஏறுவது அதே பாசிர் ரிஸ்ஸில்தான். போன சில வாரங்களிலேயே அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்படுகிறது. அதனால் இந்தக் கேள்வி நமக்கு வெளியூர்ச் சமாச்சாரம் அல்ல.

துப்பாக்கியைக் கையால் செய்பவர்களிடம் ஒரு வாதம் உண்டு: செய்நேர்த்தியே ஒரு தவம், அதனால் செய்த பொருளும் தூய்மை பெறுகிறது. குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை முதன்முறை செய்பவருக்கு இது உண்மை போலவே தோன்றும். அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் அப்படி ஒன்றை முழுக்கக் கையால் செய்ததை 1969இல் படமாக்கினார்கள். இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி மடக்கி, உலையில் பழுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்துத்தான் குழல் உருவாகிறது. பிறகு அதன் உட்புறத்தில் சுருள்பள்ளம் வெட்ட வேண்டும், திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவே. கட்டையில் இரும்பைப் பொருத்த, இரும்பின் மேல் கரி பூசி அழுத்துவார்கள். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளி தொடும். குழலின் பின்வாயை அடைக்கும் மரை சரியாக அமையாவிட்டால் வெடி சுடுபவர் முகத்திலேயே வெடிக்கும். இத்தனையும் பொறுமைதான், திறமைதான். ஆனால் இதே பொறுமையோடு கள்ளச்சாவியும் செய்யலாம். செய்நேர்த்தி செய்பவரைப் பண்படுத்தலாம். செய்த பொருளின் நோக்கத்தை அது கழுவிவிடாது. ஆகவே தவம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என்னை யோசிக்க வைப்பது அந்தத் துப்பாக்கியில் உள்ள வேறொரு சிறு வேலை. விசையை அழுத்தினால் பாய்ந்து அடிக்கும் குதிரையோடு சேர்ந்து சுழலும் ஓர் எஃகுத் துண்டில் இரண்டு வெட்டுகள் உண்டு. குதிரையை முழுக்க இழுத்தால், விசையோடு இணைந்த கொக்கி விழும் வெட்டு மேலோட்டமானது. விசையைத் தொட்டால் நழுவிவிடும். பாதி இழுத்தால் விழும் வெட்டு ஆழமானது; அதில் கொக்கி மாட்டிக்கொண்டால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் துப்பாக்கி சுடக்கூடாது. சுடாமல் இருப்பதற்கென்றே ஓர் இடத்தைச் செய்பவர் தன் அரத்தால் அராவி வைக்கிறார். அதில் சறுக்கினால் மற்ற நேர்த்தியெல்லாம் வீண்.

ஆயுத பூஜையின் உட்பொருளும் இதுதான் என்பேன். அன்று கருவிகளை அலங்கரிப்பதோடு நிற்பதில்லை, தொடாமலும் வைக்கிறோம். பூஜையில் வைத்த புத்தகத்தைப் பிள்ளைகள்கூட விஜயதசமி வரை எடுப்பதில்லை (பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த விரதம் அது). வணங்குவதும் விலகி நிற்பதும் அங்கே ஒரே செயல். ஆயுதத்தை வணங்குவதற்கு நியாயம் இருக்குமானால், அது அந்த விலக்கத்தில்தான் இருக்க முடியும். இதற்கு ஔவையாரே எதிர்சாட்சியாக வரலாம். தொண்டைமானின் ஆயுதச்சாலையில் மாலை சூட்டி நெய் பூசி வைத்த வேல்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையே அவர் உயர்த்தினார். புறநானூற்றின் கூர்மையான கிண்டல் அது. ஆனால் அவர் போனது போரைத் தவிர்க்கும் தூதராக. அவர் பழித்தது அடக்கத்தை அல்ல, ஒருமுறையும் சோதிக்கப்படாத அலங்காரத்தை. சுடத் தெரியாத துப்பாக்கியில் பாதி வெட்டுக்குப் பொருளில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு பௌத்தத்திலிருந்து வருகிறது. இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களை அங்குத்தர நிகாயம் பட்டியலிடும்போது முதலில் வருவது ஆயுத வணிகம். தடை விற்பனைக்குத்தான், தனக்காகச் செய்வதற்கு அல்ல என்று வாதாடலாம். விற்றவுடன் அடக்கும் பொறுப்பு முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடுகிறது என்பதும் சரியே. ஆனால் செய்தவர் இறந்த பிறகும் துப்பாக்கி இருக்கும். அப்போது அதுவும் யாரோ ஒருவர் கைக்குத்தான் போகும். இந்த மறுப்புக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. நிதானமாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி மனிதரையும் நிதானமாக்கும் என்போருக்கோ அந்தப் பாதியும் கிடையாது. பாளையக்காரர்களை ஒடுக்கிய கம்பெனிப் படை சுமந்ததும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதான். ஒரு வரிசை கெட்டிக்கும்போது அடுத்த வரிசை சுட்டது.

தேக்கோங்கில் சந்தனமும் பூவும் இல்லை. ஆனாலும் துப்பாக்கியை வேலை முடிந்ததும் ஆர்ம்ஸ்கோட் எனும் ஆயுத அறையில் திருப்பி வைத்துப் பூட்ட வேண்டும். சுடுதளத்தை விட்டு வரும்போது, தோட்டாவோ வெற்று உறையோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். பொட்டு வைப்பதைவிட இது நான் சொல்லும் வழிபாட்டுக்கு நெருங்கியதாகவே தெரிகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துகிறது. தனக்கென்று கையால் செய்த பழைய வகைத் துப்பாக்கியில் அந்தப் பாதி வெட்டை அராவியவரும் குதிரையை அதில் நிறுத்துபவரும் ஒருவரே. இங்கே விரல் பதினெட்டு வயதுப் பையனுடையது. நிறுத்தச் சொல்லும் வாய் வேறொருவருடையது. சுடச் சொல்வதும் அதே வாய்தான்.