உழவு மழை

சென்ற ஐப்பசியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகப் பேரையூர் போயிருந்தேன். மாலையில் காலாற நடந்தபோது, ஒரு பொட்டலில் பத்துப் பதினைந்து சிறுவர்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்று அவர்களைத் திருத்திக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்ததும் என் கால்கள் தயங்கின. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வேலை போவதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அப்போது நான் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் குழுவில் இருந்தேன். நொடித்துப் போயிருந்த கூடைப்பந்து அணியைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே அவரை நியமித்திருந்தார்கள். முதல் ஆண்டு தோல்வி. இரண்டாம் ஆண்டும் தோல்வி. மூன்றாம் ஆண்டு ஓரிரு புள்ளிகளில் தோல்வி. குழுவில் ஒருவர் பட்டியலைப் படித்துவிட்டு, 'எண்கள் பொய் சொல்லுமா?' என்று கேட்டார். சொல்லாது என்றே எனக்கும் தோன்றியது. கை தூக்கினேன். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள் கோப்பை வாங்கினார்கள். மாலை, புதிதாக வந்த பயிற்சியாளரின் கழுத்தில் விழுந்தது.

ஒருவர் செய்துகொண்டிருக்கும் வேலையை, அது முடியும் முன்பே எப்படி மதிப்பிடுவது? 'பொறுத்திருந்து பார்' என்பது சுலபமான பதில். ஆனால் வேலையே செய்யாதவனும் அதைத்தான் சொல்வான். பொறுமை என்ற பெயரில் பிள்ளைகளின் மூன்று ஆண்டுகளைப் பாழாக்குவதும் பாவந்தான்.

ஹைதராபாத்து சையத் அப்துல் ரஹீமை எண்ணிப் பாருங்கள். 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் அவர். 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று படுதோல்வி. முதல் எண்ணைப் பார்த்தவர் அவரை மேதை என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்வார். இரண்டு தீர்ப்பும் ஒரே மனிதரைப் பற்றியவை! ரஹீம் நீடித்தார். வெறுங்காலோடு ஆடும் பழக்கம் மாறியது. 1956-ல் மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962-ல் ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்ற அணி, இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் காலமானார்.

கூடைப்பந்திலும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக அணியை 1980-ல் ஏற்றார் மைக் ஷஷெஃப்ஸ்கி. மூன்றாவது பருவமான 1982-83-ல் 11 வெற்றி, 17 தோல்வி. அவரை விலக்கச் சொல்லி அணியின் ஆதரவாளர்களே குரல் எழுப்பினார்கள். பல்கலைக்கழகம் இசையவில்லை. அந்த ஆண்டு முதலாண்டு மாணவர்களாக ஆடித் தோற்றவர்கள், 1986-ல் தேசிய இறுதியாட்டம் வரை முன்னேறினார்கள். 1991-ல் முதல் தேசியப் பட்டம் வந்தது. 2022-ல் அவர் ஓய்வு பெற்றபோது பட்டங்கள் ஐந்து.

முடிவு தெரிந்த பிறகு இதையெல்லாம் சொல்வது எளிது. வென்றவர்களின் கதையைக் கொண்டு, தோற்றவர்களுக்கெல்லாம் நற்சான்று எழுதிவிட முடியாது. அந்தப் பதினேழு தோல்விகள் நடந்துகொண்டிருந்தபோதே உண்மையை அறிய வழி இருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன். எத்தனை முறை தோற்றார்கள் என்பதைப் பட்டியல் சொல்லும். யாரை வைத்துக்கொண்டு தோற்றார்கள், தோற்று எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதைக் களத்துக்குப் போய்ப் பார்த்தவன்தான் சொல்ல முடியும்.

மானாவாரி விவசாயியிடம் 'நேற்று நல்ல மழை' என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்ப்பார். ஏர் இறங்கும் ஆழத்துக்கு ஈரம் இருந்தால்தான் அது அவருக்கு 'உழவு மழை'. மேலே நனைந்திருப்பதைக் கண்டு அவர் ஏமாறுவதில்லை. மேலே காய்ந்திருப்பதைக் கண்டு கைவிடுவதும் இல்லை.

பொட்டலில் நின்றவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்தார். நலம் விசாரித்தார். பழைய பேச்சை நான்தான் எடுத்தேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"நீங்க அன்னைக்குக் கை தூக்கினது தப்புன்னு நான் சொல்லல, சார். ஒருநாள் காலைல ஆறு மணிக்கு வந்து பாத்துட்டுத் தூக்கியிருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூட நான் பயிற்சிக் களத்தின் பக்கம் போனதில்லை. என் தீர்ப்பு சரியாகவே இருந்திருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்திருக்காது.

இருட்டும் வரை அங்கேயே நின்றேன். ஒரு சிறுவன் திரும்பத் திரும்பப் பந்தை எறிந்துகொண்டிருந்தான். ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் முழங்கை சற்றுச் சற்று நேராகிக்கொண்டே வந்தது.