ஆலோசனை சொன்னதற்கு விலை

அணு ஆயுத ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி யாருடைய பிறப்புரிமையும் அல்ல. ஒரு நகரத்தை அழிக்கச் சில கிலோ புளுட்டோனியம் போதும் என்கிறபோது, அதன் அருகே போகிறவர்களைத் துருவிப் பார்ப்பது அரசின் கடமை. ஆனால் அந்தச் சோதனை எதைத் தேட வேண்டும்? ரகசியத்தைக் காப்பாரா என்று பார்ப்பது ஒன்று; ஆட்சியாளருக்குப் பிடிக்காததைச் சொன்னாரா என்று பார்ப்பது வேறு. 1954இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் இரண்டையும் ஒன்றாக்கி, அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமரைத் தண்டித்தது.

1949 அக்டோபரில் அவர் தலைமையிலான, ஆணையத்தின் ஆலோசனைக் குழு, ஹைட்ரஜன் குண்டுக்கு அவசரப்பட வேண்டாம் என்றது. பொதுமக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஆயுதம் அது என்பது ஒரு காரணம். மூலப்பொருள் இன்னொரு காரணம். அன்றைய வடிவமைப்புக்கு டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஏராளமாகத் தேவைப்பட்டது. அது புளுட்டோனியம் உண்டாகும் அதே அணு உலைகளில்தான் உருவாக வேண்டும். டிரிட்டியத்துக்குச் செலவாகும் நியூட்ரான் புளுட்டோனியத்துக்குக் கிடைக்காது. இல்லாத குண்டுக்காக, கையில் இருக்கும் குண்டுகளின் உற்பத்தியைக் குறைப்பதா? பொறுப்புள்ள ஆலோசகர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. 1950 ஜனவரி 31 அன்று ட்ரூமன் அந்த ஆலோசனையை ஏற்காமல் குண்டுக்கு உத்தரவிட்டார். அது அதிபரின் உரிமை.

ஓப்பன்ஹைமர் மாசற்றவர் அல்ல. 1943இல் ஒரு நண்பர் வழியாக வந்த உளவு முயற்சி பற்றி ராணுவப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கதை கட்டினார். 1954 விசாரணையில் அதை ஒப்புக்கொண்டார். ரகசியம் காக்கும் இடத்தில் இது சின்னப் பிழை அன்று. ஆனாலும் அந்த விவகாரம் கோப்பில் இருக்கும்போதே, 1947இல் ஆணையம் அவருக்கு அனுமதி தந்தது. இடையில் புதிதாக வந்தது அவருடைய ஆலோசனைதான்.

விசாரணை நடந்த விதமே அதன் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. அவருடைய வழக்கறிஞருக்கு அனுமதி இல்லாததால் ரகசிய ஆவணங்கள் காட்டப்படவில்லை. வழக்கறிஞர்களோடு அவர் பேசியதை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டது. ஆணையம் விசாரிக்க அமைத்த மூவர் குழு அவரை நாட்டுப்பற்றுள்ளவர், ரகசியம் காப்பவர் என்று சொல்லிவிட்டு, ஹைட்ரஜன் குண்டு விஷயத்தில் அவர் நடந்துகொண்டதையும் குறையாகச் சேர்த்து, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதியை மறுத்தது. ஜூன் 29 அன்று ஆணையம் நாலுக்கு ஒன்று என உறுதி செய்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஹென்றி ஸ்மைத், ஓர் இயற்பியலாளர். ஓப்பன்ஹைமரின் அனுமதி எப்படியும் மறுநாளே காலாவதியாக இருந்தது. பிறகு எதற்கு இத்தனை அவசரம்? மற்ற விஞ்ஞானிகள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து சோவியத்துக்கு ரகசியம் கொடுத்த கிளாவ்ஸ் ஃபுக்ஸ், பிரிட்டன் நம்பி அனுப்பிய ஆள். மாற்றுக் கருத்தைத் தேடும் சோதனையில் அப்படிப்பட்டவர் அகப்படமாட்டார். ஒற்றனுக்கு மறுத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அகப்படுகிறவர் மனசாட்சியோடு பேசுகிறவர்தான். அவர் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் அரசுக்கு.

2022 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறைச் செயலர் ஜெனிஃபர் கிரான்ஹோம் ஆணையத்தின் 1954 முடிவை ரத்து செய்தார். ஓப்பன்ஹைமர் 1967இலேயே இறந்துவிட்டார். எந்த நாடானாலும், ஒரு விஞ்ஞானி கேட்டபோது கொடுத்த ஆலோசனையை அவருடைய அனுமதிக் கோப்பில் குற்றமாக எழுதக் கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும்.