பத்தில் ஒருவர்

“காலைல எட்டு மணிக்கு ரத்தம் குடுத்தோம் தம்பி, ராத்திரி ஏழாச்சு. எங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் வரல?”

பரிசோதனைக்கூட முடிவுகளைக் கைபேசிக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்றில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். உதவி எண்ணுக்கு வந்த அழைப்பு சுற்றிச்சுற்றி என்னிடம் வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் ஏதோ சமாதானம் சொல்லி வைத்தேன். அன்று மதியம்தான், காத்திருப்பு நேரத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை என்று மாத அறிக்கை அனுப்பியிருந்தேன். அது பொய்யில்லை என்பதுதான் பிறகு உறுத்தியது.

சுருக்கிச் சொல்கிறேன். ஒன்பது பேருக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு வருகிறது, ஒருவருக்குப் பதினோரு மணி நேரம் ஆகிறது. சராசரி 2. அதிலிருந்து ஒன்பது பேரும் 1 விலகியிருக்கிறார்கள், அந்த ஒருவர் 9. விலகல்களை அப்படியே கூட்டினால் மொத்தம் 18, அதில் பாதி அவருடையது. திட்டவிலக்கத்துக்காக வர்க்கப்படுத்தினால் மொத்தம் 90, அதில் 81 அவருடையது. திட்டவிலக்கம் 3 மணி நேரம். கால்மான விலக்கமோ பூஜ்யம்! இரு ஓரங்களிலும் கால் பங்கு ஆட்களை ஒதுக்கிவிட்டு அளப்பது அது. அதன் கண்ணில் அவர் பிறக்கவே இல்லை.

நான் அறிக்கையில் போட்டது கால்மான விலக்கம். ஓரத்து எண்கள் வரைபடத்தைக் கெடுக்கின்றன என்பது காரணம். ‘அதீத மதிப்புகளால் பாதிக்கப்படாது’ என்று பாடத்தில் அதன் நல்ல குணமாகப் படித்ததுதான். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

அதற்காக வர்க்கம்தான் நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். நிஜத்தில் நேரம் 1, 11 என்று தாவுவதில்லை, தொடர்ச்சியாகப் பரவுகிறது. அந்தப் பரவலின் வால் மிகவும் கனத்துவிட்டால், கோஷி பரவலைப் போல, திட்டவிலக்கம் என்ற எண்ணே இல்லாமல் போகும். கால்மானங்கள் அங்கேயும் இருக்கும். தவிர, திட்டவிலக்கத்துக்குத் திசை தெரியாது. எவ்வளவு தூரம் என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது.

திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டீபன் ஜே கூல்ட் இருக்கிறார். அந்தத் தொல்லுயிரியலாளருக்கு 1982இல், நாற்பது வயதில், வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது. இதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டார். படிக்கும்படி எதுவுமில்லை என்றார் மருத்துவர். நூலகத்துக்குப் போனதும் காரணம் புரிந்தது: கண்டறிந்த பிறகு ஆயுளின் இடைநிலை எட்டு மாதம். பாதிப் பேர் அதற்குள் இறந்துவிடுவார்கள். மீதிப் பாதி? இடப்பக்கம் பூஜ்யம் என்ற சுவர், வலப்பக்கம் சுவர் கிடையாது, வால் வருடக்கணக்கில் நீளலாம். அந்த வாலில் தனக்கு இடமிருக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 2002 வரை வாழ்ந்தார். இறந்தது வேறொரு புற்றுநோயால்.

அந்த மருத்துவர் செய்தது தவறா? எட்டு மாதம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அதைவிடக் கொடுமை என்றே நினைக்கிறேன். ஆனால் மறைத்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. பரவல் முழுவதையும் காட்டியிருக்கலாம். அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும், எதிரில் இருப்பவருக்குப் புரியும் என்ற நம்பிக்கையும் வேண்டும். எல்லோரும் கூல்ட் இல்லைதான்.

அடுத்த மாத அறிக்கையில் திட்டவிலக்கத்தையும், ஆக அதிகமாகக் காத்திருந்தவரின் நேரத்தையும் சேர்த்தேன். “என்னப்பா, ஒரே மாசத்துல இவ்ளோ மோசமாயிடுச்சு?” என்றார் மேலாளர். போன மாதமும் இப்படித்தான் சார் இருந்தது என்றேன்.